தோளிலே தாய்: சிங்களக் கதைகளில் அன்னையும் மகனும்



சென்ற திங்கள் நடைபெற்ற அன்னையர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “சுவாமி, நாங்கள் நிலாவைக் காட்டிக் கதை சொல்லிப் பிள்ளைக்குச் சோறூட்டுகிறோம். சிங்களத் தாய்மாரும் அப்படித்தான் செய்வார்களா? அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன கதை சொல்வார்கள்?” சிலர் சிரித்தார்கள். ஆனால், கேட்டவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஒரே தீவில், ஒரே மழையில் நனைந்து, ஒரே வெயிலில் காய்ந்து வாழும் இரு மக்கள், ஒருவர் மற்றவருடைய தொட்டில் கதையை அறியாதிருப்பது சிந்திக்கத்தக்க செய்தியன்றோ? அக்கேள்விக்கு என்னால் இயன்ற விடையே இம்மாதக் கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். சிங்களக் குழந்தை தன் தாயை எப்படி அழைக்கிறது? “அம்மா” என்றே அழைக்கிறது. மூத்த சகோதரியை “அக்கா” என்கிறது. எத்தனையோ சொற்களில் வேறுபடும் இரு மொழிகளும், பசிக்கும் போதும் வலிக்கும் போதும் வாயில் வரும் முதற்சொல்லில் ஒன்றாகி நிற்கின்றன. தாயைச் சிங்கள மக்கள் “கெதர புதுன்” என்றும் சொல்வார்கள். வீட்டிலே இருக்கும் புத்தர் என்பது அதன் பொருள். விகாரைக்குச் சென்று வணங்குவதற்கு முன், வீட்டில் வணங்குவதற்கு ஒருவர் இருக்கிறார் என்பது கருத்து. சித்திரைப் புத்தாண்டு நாளில் வளர்ந்த மகனும் வெற்றிலைக் கொத்தைத் தாயின் கையிலே கொடுத்து அவள் காலடியில் விழுந்து வணங்குவது இன்றும் அவர்களிடையே உள்ள வழக்கம்.

கதைகளின் ஊற்றுக்கண்கள்

சிங்களத் தாய் சொல்லும் கதைகள் மூன்று ஊற்றுகளிலிருந்து வருபவை. முதலாவது, புத்தரின் முற்பிறவிகளைக் கூறும் சாதகக் கதைகள். பாளி மொழியில் 547 ஆக உள்ள இக்கதைகள், 14ஆம் நூற்றாண்டில், குருநாகலில் அரசு இருந்த காலத்தில் சிங்களத்தில் ஆக்கப்பட்டன. ஐந்நூற்றைம்பது சாதக நூல் என்று பொருள்படும் ‘பன்சிய பனஸ் ஜாதக பொத’ என்பது அதன் பெயர். இரண்டாவது, மகாவம்சம் முதலிய வரலாற்றுக் காவியங்களிலிருந்து மக்கள் வாயில் இறங்கிய கதைகள். மூன்றாவது, எழுத்தறியாத கிராம மக்கள் திண்ணையிலும் களத்துமேட்டிலும் சொல்லிவந்த நாட்டுக் கதைகள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயர், குளங்களைத் தேடிக் காடுகளில் அலைந்தபோதே இக்கதைகளையும் தேடினார். அவர் திரட்டியவை 1910 முதல் 1914 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன.

மூன்று ஊற்றுகளின் நீரும் கிராமத்திலே ஒன்றாகக் கலந்துவிட்டது. எது சாதகம், எது சரித்திரம், எது கட்டுக்கதை என்று பிரித்துப் பார்த்துக்கொண்டு எந்தத் தாயும் கதை சொல்வதில்லை.

கடலைக் கடந்த மகன்

சிங்கள பௌத்தர்களின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்த கதை ஒன்று. ஒரு வறிய இளைஞன் தன் தாயோடு கப்பலேறிச் செல்கிறான். நடுக்கடலில் கப்பல் உடைகிறது. மற்றவர்கள் தத்தம் உயிரைக் காக்கத் துடிக்கையில், அவன் தாயைத் தோளிலே ஏற்றிக்கொண்டு நீந்துகிறான். கரை தெரியவில்லை, கைகள் ஓய்கின்றன. ஆயினும் தாயை இறக்கிவிடும் எண்ணம் அவன் உள்ளத்தில் எழவேயில்லை. “இந்த ஒருத்தியை இக்கடலிலிருந்து கரையேற்றுவது போல, துன்பக் கடலில் தத்தளிக்கும் எல்லா உயிர்களையும் ஒருநாள் கரையேற்ற வேண்டும்” என்னும் நினைவு அப்போதுதான் அவனுக்குப் பிறந்ததாம். அவனே பல பிறவிகளுக்குப் பின் புத்தராகப் பிறந்தான் என்பது கதை. தாயைச் சுமந்த மகனின் உருவம் விகாரைச் சுவர்களில் ஓவியமாகத் தீட்டப்படுவதும் உண்டு.

இக்கதையின் உட்பொருளைக் கவனியுங்கள். உலகையெல்லாம் நேசிக்க வேண்டும் என்னும் பேரெண்ணம் நூல்களைக் கற்றதனால் வரவில்லை. தவம் செய்ததனால் வரவில்லை. ஒரு கிழவியின் பாரம் தோளை அழுத்தியபோது வந்தது. வீட்டிலே ஒருத்தியைச் சுமக்கத் தெரியாதவன் நாட்டைச் சுமப்பேன் என்று மேடையேறினால், அவனை நம்பலாமா?

தாயைத் தோளில் சுமந்த இன்னொரு மகனும் உண்டு. அவன் பெயர் சிங்கபாகு. மகாவம்சம் சொல்லும் கதையின்படி, வங்க நாட்டு இளவரசி ஒருத்தியைச் சிங்கம் கவர்ந்துசென்று குகையில் வைக்கிறது. அவளுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறக்கிறார்கள். பதினாறு வயதான மகன், “அம்மா, நீங்களும் தந்தையும் ஏன் இவ்வளவு வேறுபட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்கிறான். தாய் உண்மையைச் சொல்கிறாள். ஒருநாள் சிங்கம் இரைதேடச் சென்றபோது, குகையை அடைத்திருந்த பாறையை நீக்கி, வலத்தோளில் தாயையும் இடத்தோளில் தங்கையையும் சுமந்துகொண்டு மகன் வெளியேறுகிறான்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் அது வீரக்கதை. ஆனால், சிங்கம் பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறது, மக்கள் அஞ்சுகிறார்கள். அதைக் கொல்பவனுக்கு அரசன் பொன் தருவதாக அறிவிக்கிறான். இருமுறை மகன் புறப்பட, இருமுறையும் தாய் தடுக்கிறாள். மூன்றாம் முறை அவன் தாயைக் கேளாமலே போகிறான். மகனைக் கண்ட சிங்கம் அன்பு மேலிட்டு எதிரே வருகிறது. அவன் எய்த அம்பு நெற்றியில் பட்டும், அந்த அன்பின் காரணமாக உள்ளே பாயாமல் திரும்பி அவன் காலடியில் விழுகிறது. மூன்று முறை இப்படியே நிகழ்கிறது. அதன்பின் சிங்கத்திற்குச் சினம் மூள்கிறது. அன்பு அகன்ற அந்தக் கணத்தில் அம்பு உடலைத் துளைத்துச் செல்கிறது.

பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1961ஆம் ஆண்டு ‘சிங்கபாகு’ என்னும் நாடகமாக இக்கதையை மேடையேற்றினார். அவர் கையாண்ட ‘நாடகம்’ என்னும் இசைக்கூத்து வடிவம், நம் தமிழ்க் கூத்திலிருந்து சிங்களத்துக்குச் சென்றது. அதைக் கொண்டுசென்றதில் கத்தோலிக்க மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நாடகத்தில் தந்தையும் மகனும் முன்னிற்கிறார்கள். ஆயினும் என் மனம் எப்போதும் அந்தத் தாயிடமே செல்கிறது. கணவனையும் இழக்க முடியாமல், மகனையும் தடுக்க முடியாமல், இருமுறை கையைப் பிடித்து நிறுத்தி, மூன்றாம் முறை கேட்கப்படாமலே போனவள் அவள். ‘அம்மாவைக் கேட்டால் வேண்டாம் என்பாள்’ என்று தெரிந்தே கேளாமல் செய்யும் செயல்கள் நம் வீடுகளிலும் இல்லையா?

கண்ணிழந்த தாயின் காவலன்

இமயச் சாரலில் ஒரு வெள்ளை யானை. அதன் தாய்க்குக் கண் தெரியாது. மகன் காட்டில் பறித்த இனிய கனிகளை மற்ற யானைகளிடம் கொடுத்துத் தாய்க்கு அனுப்புகிறான். அவை வழியிலேயே தின்றுவிடுகின்றன. தாய் பட்டினி கிடப்பதை அறிந்த மகன், தலைமையையும் கூட்டத்தையும் துறந்து, தாயை ஒரு குளக்கரைக் குகைக்கு அழைத்துச்சென்று தானே ஊட்டி வளர்க்கிறான். ஒருநாள் வழிதவறிய வேடன் ஒருவனைக் காப்பாற்றிக் காட்டின் எல்லையில் விடுகிறான். அவனோ அரசனிடம் சென்று யானை இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கிறான்.

பிடிபட்ட யானை அரண்மனையில் உணவைத் தொடவில்லை. “ஏன் உண்ணவில்லை?” என்று அரசன் கேட்கிறான். “பார்வையற்ற என் தாய் அங்கே பசியோடிருக்க, நான் எப்படி உண்பேன்?” என்கிறது யானை. அரசன் மனம் உருகி விலங்கை அவிழ்க்கிறான். திரும்பிவந்த மகன் தும்பிக்கையில் நீரை முகந்து தாயின்மேல் தெளிக்கிறான். கண் தெரியாத தாயோ, “காலமல்லாக் காலத்தில் மழை பெய்கின்ற இந்தத் தேவன் யார்? எனக்கு உதவ மகனும் அருகில் இல்லையே!” என்று நொந்துகொள்கிறாள். “அம்மா, மழை அல்ல, நான்தான்” என்று மகன் சொல்லும் இடத்தில், கதை கேட்கும் எந்தக் குழந்தைக்குத்தான் முகம் மலராது!

சாமன் என்னும் இளைஞனின் கதையும் இத்தகையதே. கண்ணிழந்த பெற்றோருக்கு நீர் முகக்கச் சென்றவனை அரசன் ஒருவன் அறியாமல் அம்பெய்து வீழ்த்துகிறான். இதைக் கேட்டவுடன் தயரதன் கதை நம் நினைவுக்கு வரும். ஆனால், இங்கே முடிவு வேறு. கண்ணிழந்த பெற்றோர் அரசனைச் சபிக்கவில்லை. மகனிடம் கொண்டுசெல்லும்படி கேட்கிறார்கள். தாய் மகனின் மார்பில் கைவைத்து, அவன் வாழ்ந்த வாழ்வின் உண்மையைச் சொல்லி, அந்த உண்மையின் பெயரால் நஞ்சு இறங்கும்படி வேண்டுகிறாள். மகன் எழுகிறான்.

இக்கதைகள் இத்தீவில் எவ்வளவு பழைமையானவை தெரியுமா? கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் தங்கிய சீனத் துறவி பாகியான், அநுராதபுரத்தில் தந்ததாதுப் பவனி செல்லும் பாதையின் இருமருங்கிலும் சாதக உருவங்கள் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு எழுதினார். அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடும் சிலவற்றுள் சாமனும் யானை அரசனும் உண்டு. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தெருவில் ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டி, “அதோ பார்!” என்று சொல்லியிருப்பாள்.

கோடு ஒன்று, கைகள் இரண்டு

மகோசதன் என்னும் அறிவாளியின் கதையைக் கூறும் உம்மக்க சாதகம் சிங்களரின் உரைநடை நூல்களுள் பெரும்புகழ் பெற்றது. அதில் ஒரு வழக்கு. குளிப்பதற்காகக் குழந்தையைக் கரையில் கிடத்திய தாயிடம் ஓர் இயக்கி பெண்வடிவில் வந்து, பாலூட்டுவதுபோல் குழந்தையை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். இருவரும் “என் பிள்ளை” என்று வாதிடுகிறார்கள். மகோசதன் நிலத்திலே ஒரு கோடு கிழித்துக் குழந்தையை அதன்மேல் கிடத்துகிறான். ஒருத்தி கையையும் மற்றவள் காலையும் பிடித்து இழுக்கச் சொல்கிறான். தன் பக்கம் இழுப்பவளுக்கே பிள்ளை. இழுபட்ட குழந்தை வலியால் வீறிட்டு அழுகிறது. அழுகை கேட்டவுடன் ஒருத்தி கையை விட்டுவிட்டு நின்று விம்முகிறாள். அவளே தாய் என்று தீர்ப்பாகிறது.

சாலமோன் மன்னனின் தீர்ப்பை ஞாயிறு மறையுரைகளில் கேட்ட நமக்கு இது புதிதன்று. அங்கே வாள், இங்கே கோடு. வாளைக் கண்டு அலறியவளும் அழுகை கேட்டுக் கைவிட்டவளும் உடன்பிறந்தோர்போல் இருக்கிறார்கள். இரு கதைகளும் ஒன்றையே சொல்கின்றன: பிள்ளையைப் பற்றியிருப்பது மட்டும் தாய்மை அல்ல, பிள்ளைக்கு நோகும் என்றால் பிடியைத் தளர்த்தத் தெரிவதும் தாய்மையே. மகன் திருமணம் முடித்தபின் மருமகள் ஒரு கையையும் மாமியார் ஒரு காலையும் பிடித்து இழுக்கும் வீடுகள் உண்டு. நடுவிலே கிடப்பவன் அழுவது வெளியே கேட்பதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

சிங்களக் கதையில் இன்னொரு சிறப்பும் உண்டு. தோற்றுப்போன இயக்கியை மகோசதன் கொல்லச் சொல்லவில்லை. நல்லறிவு புகட்டி, ஐந்து ஒழுக்கங்களைக் கற்பித்து அனுப்பிவைக்கிறான்.

கொலைகாரனின் தாய்

நல்ல மகன்களின் கதையே சொல்லிக்கொண்டிருந்தால் வாழ்க்கை முழுவதையும் சொன்னதாகாது. கெட்டுப்போன மகனுக்கும் தாய் உண்டே! அங்குலிமாலன் அத்தகையவன். நன்றாகப் படித்தவன், பொறாமை கொண்டவர்களின் பேச்சால் ஆசிரியரின் மனம் திரிந்து, அவர் கேட்ட கொடிய காணிக்கைக்காக ஆயிரம் விரல்களைச் சேர்க்கப் புறப்பட்டான், வெட்டிய விரல்களை மாலையாகக் கோத்து அணிந்தான். ஊரே அவனுக்கு அஞ்சி ஓடியது. அரசனின் படை அவனைப் பிடிக்கப் போகிறது என்று கேள்விப்பட்டபோது, அவனை எச்சரிப்பதற்காகக் காட்டை நோக்கி நடந்த ஒரே ஒருத்தி அவன் தாய். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விரல். எதிரே வருபவள் தாய் என்று தெரிந்தும் அவன் வாளை ஓங்க முனைந்தான். அப்போது புத்தர் இடையிலே தோன்றி அவனைத் தம் பின்னே ஓடிவரச் செய்தார். ஓடி ஓடிக் களைத்தவன் வாளை எறிந்துவிட்டுத் துறவியானான்.

அடுத்து வருவதுதான் வியப்பு. பிச்சைக்குச் சென்ற அந்தத் துறவி, பிள்ளை பெற முடியாமல் துடிக்கும் ஒரு பெண்ணைக் காண்கிறான். அவன் மனம் தாளவில்லை. துறவு வாழ்வில் பிறந்த நாள்முதல் எவ்வுயிரையும் தான் கொன்றதில்லை என்னும் உண்மையின் பெயரால் அவளை வாழ்த்துகிறான். குழந்தை நலமாகப் பிறக்கிறது. இன்றும் சிங்களக் குடும்பங்களில் கருவுற்ற பெண்ணுக்குச் சுகப்பேறு வேண்டி ஓதப்படுவது அங்குலிமால பிரித். தாயைக் கொல்லக் கையோங்கியவனின் பெயராலேயே தாயாகப் போகிறவளுக்கு ஆசி கூறுகிறார்கள். எந்த மகனையும் ‘இனித் தேறமாட்டான்’ என்று எழுதி மூடிவிடாத மனம் இது.

சிரிப்பும் சிகிச்சையும்

எல்லாக் கதைகளும் கண்ணீர்க் கதைகள் அல்ல. கண்டி அரசவையின் விகடகவியாகச் சொல்லப்படும் அந்தரேயின் கதை ஒன்றைக் கேளுங்கள். முற்றத்தில் பாய்விரித்துச் சீனியைக் காயவைத்திருந்தார்கள். “இது என்ன?” என்று கேட்ட அந்தரேயிடம், “மணல்” என்று அரசன் கேலியாகச் சொன்னான். அந்தரே வீட்டுக்குப் போய் மகனுக்கு ஏதோ சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தான். சற்று நேரத்தில் மகன் ஓடிவந்து, “அப்பா, அம்மா செத்துப்போனாள்!” என்று கதறினான். “ஐயோ, அம்மா போய்விட்டால் இனி நம் வாயிலே மண்தானே!” என்று அலறிய அந்தரே, மகனோடு பாயில் விழுந்து ‘மணலை’ வாய் நிறைய அள்ளித் தின்றான். அரசன் என்ன செய்வான்? மணல் என்றவன் அவன்தானே!

குழந்தைகள் சீனிக்காகச் சிரிப்பார்கள். பெரியவர்கள் அந்தச் சிரிப்பினூடே ஓர் உண்மையைக் கேட்பார்கள். தாய் இல்லாத வீட்டில் வாயில் மண் விழும் என்பது சிங்களவனுக்கும் விளங்கும், தமிழனுக்கும் விளங்கும். இல்லையேல் இந்த நகைச்சுவை பலித்திராது.

குழந்தைக்கு அம்மை கண்டால் நாம் ‘அம்மாள் வருத்தம்’ என்கிறோம். சிங்களக் கிராமங்களில் பிள்ளை நோயுற்றால் ஏழு தாய்மாரை வீட்டுக்கு அழைத்துப் பாற்சோறு படைத்து உண்பிக்கும் வழக்கம் உண்டு. அவர்களைக் ‘கிரி அம்மா’, அதாவது பாலம்மா, என்பார்கள். இச்சடங்கு பத்தினித் தெய்வத்தோடு தொடர்புடையது. பத்தினி யார்? நம் சிலப்பதிகாரத்துக் கண்ணகிதான். சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கை மன்னன் கயவாகுவும் இருந்தான் என்று அக்காவியமே கூறுகிறது. பிள்ளைப்பேறே இல்லாத கண்ணகியை, கடல்கடந்து வந்த இடத்தில், நோயுற்ற பிள்ளைகளுக்கெல்லாம் தாயாக்கிவிட்டார்கள் சிங்கள மக்கள்.

படுக்கையில் சுருண்ட பிள்ளை

இனி, சொல்வதற்குக் கடினமான ஒரு கதைக்கு வருகிறேன். விகாரமகாதேவி என்னும் அரசியின் மகன் துட்டகாமினி. சிறுவனாகிய அவன் கைகால்களை முடக்கிச் சுருண்டு படுத்திருக்கிறான். “கைகால்களை நீட்டிச் சுகமாகப் படுக்கக் கூடாதா, மகனே?” என்று தாய் கேட்கிறாள். “ஆற்றுக்கு அப்பால் தமிழர், இப்பால் கடல். எப்படி நீட்டிப் படுப்பேன்?” என்கிறான் மகன். மகாவம்சம் எழுதிவைத்த இக்காட்சியைச் சிங்களப் பிள்ளை ஒவ்வொன்றும் அறியும். அரசியல் மேடைகளிலும் இது எத்தனையோ முறை முழங்கியிருக்கிறது. இதைக் கேட்டு நம் நெஞ்சு கசப்பது இயல்பே.

ஆனால், கதையை ஒருமுறை தாயின் கண்கொண்டு பாருங்கள். அங்கே கிடப்பது யார்? அச்சத்தால் சுருண்ட ஒரு குழந்தை. குழந்தையின் படுக்கைக்குள் பகையைக் கொண்டுவந்து போட்டவர்கள் பெரியவர்கள். நம் பிள்ளைகளும் பதுங்கு குழிகளில் இப்படித்தானே சுருண்டு கிடந்தார்கள்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதே மகாவம்சம் துட்டகாமினி போரிட்ட தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றி என்ன கூறுகிறது? அவன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி தொங்கியது. நீதி வேண்டுவோர் எவரும் அதை அடிக்கலாம். அவன் மகனின் தேர்ச்சக்கரத்தில் சிக்கி ஒரு கன்று இறந்தது. தாய்ப்பசு வந்து மணியை அடித்தது. அரசன் தன் மகனையே அதே சக்கரத்தால் கொல்வித்தான். பனைமரத்துக் கூட்டிலிருந்த குஞ்சைப் பாம்பு விழுங்கியபோது தாய்ப்பறவை வந்து மணியை அடித்தது; அதற்கும் அவன் நீதி செய்தான். திருவாரூரின் மனுநீதிச் சோழனாக நாம் போற்றும் கதையைச் சிங்களரின் காவியம் எல்லாளனுக்குச் சூட்டி மகிழ்கிறது. அவன் போரில் வீழ்ந்தபின், வென்றவனே அவனுக்கு ஈமச்சடங்கு செய்து, நினைவுச்சின்னம் எழுப்பி, அதை மக்கள் வணங்கவேண்டும் என்று ஆணையிட்டான். அவ்விடத்தைக் கடக்கும் இளவரசர்கள் வாத்திய ஓசையை நிறுத்திச் செல்வார்கள் என்றும் அந்நூல் கூறுகிறது.

ஒரே நூலில் இரண்டு கதைகள்: எதிரியை எண்ணிச் சுருளும் பிள்ளை ஒன்று, எதிரி இனத்து அரசன் தாய்ப்பசுவின் அழுகைக்குச் செவிசாய்த்தது மற்றொன்று. எந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்வது என்பதை நூல் தீர்மானிப்பதில்லை. சொல்கின்ற தாய் தீர்மானிக்கிறாள்.

மணியை அடித்த தாய்மார்

நம் காலத்திலும் தாய்மார் மணியை அடித்திருக்கிறார்கள். 1984ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில், கைதுசெய்யப்பட்ட தங்கள் மக்களை விடுவிக்கக் கோரி அன்னையர் ஒன்றுகூடி அன்னையர் முன்னணியை அமைத்தார்கள். 1990ஆம் ஆண்டு தெற்கே மாத்தறையில், 1980களின் இறுதியில் நிகழ்ந்த கொடுமைகளில் காணாமற்போன பிள்ளைகளுக்காகச் சிங்களத் தாய்மார் அதே பெயரில் திரண்டார்கள். 1992ஆம் ஆண்டு அவர்கள் கொழும்பு முகத்துவாரத்தில் உள்ள காளி கோயிலுக்குச் சென்று, தேங்காய் உடைத்து நீதி கேட்டு அழுதார்கள். சிங்கள பௌத்தத் தாய் தன் மகனுக்காகத் தமிழர் தெய்வத்தின் வாசலில் தலைவிரித்து நின்றாள் என்றால், துயரத்துக்கு இனமும் சமயமும் ஏது?

போர் 2009ஆம் ஆண்டு முடிந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தம் பிள்ளைகளின் படங்களைக் கையிலேந்தி வீதியோரம் அமர்ந்தார்கள். அவர்களுள் பலர் மகனைக் காணாமலே கண்மூடிவிட்டார்கள். மாத்தறைத் தாயும் வவுனியாத் தாயும் அருகருகே அமர்ந்து பேசினால், மொழி தெரியாவிட்டாலும் ஒருத்தி கையிலிருக்கும் படத்தை மற்றவள் பார்ப்பாள். அதற்குமேல் மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

அன்பர்களே! நம் இல்லங்களில் கதை சொல்லும் வழக்கம் அருகிவருகிறது. பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டால் சோறு இறங்கிவிடுகிறது என்று தாய்மார் சொல்கிறார்கள். சோறு இறங்கும், ஆனால், எது கூடவே இறங்குகிறது என்று நமக்குத் தெரியாது. அச்சமும் வெறுப்பும் கதை வடிவில்தான் குழந்தையின் உள்ளத்தில் புகுகின்றன. அன்பும் இரக்கமும் அதே வழியில்தான் புகமுடியும். ஆகையால், இம்மாதம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஓர் இரவேனும் விளக்கடியில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, தாயைத் தோளில் சுமந்து கடலைக் கடந்த அந்த மகனின் கதையைச் சொல்லுங்கள். “இது யாருடைய கதை, அம்மா?” என்று பிள்ளை கேட்டால், “நம் அயல்வீட்டு அம்மா தன் பிள்ளைக்குச் சொல்லும் கதை” என்று விடை கூறுங்கள்.